தெரு முனையில் நட்ட கல்

சந்திரகலா கவுன்சிலரானபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் வாழ்த்துச் சொன்னது அவளுடைய கணவர் கோதண்டராமனுக்குத்தான். அது 1996. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் மனைவியை நிறுத்தியிருந்தார். மாவு மில் முதலாளி. நகராட்சிக் கூட்டத்துக்குத் தானே போய் உட்கார்ந்துவிடலாம் என்று புது வேட்டிகூட வாங்கி வைத்திருந்தார். முதல் கூட்டத்தன்று சந்திரகலா, "நீங்க மில்ல பாத்துக்கங்க, நான் போய்ட்டு வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வேட்டி பொங்கலுக்குத்தான் பெட்டியை விட்டு வெளியே வந்தது.

நான் தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனசு ஏங்குகிறது. பிள்ளைகள் என்னிடம் குட்டி சைக்கிள் எடுத்து, தெருவிலேயே விழுந்து எழுந்து ஓட்டப் பழகுவார்கள். பௌர்ணமி வந்தால் மட்டும் எல்லாம் தலைகீழ். கிரிவலக் கூட்டம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. பெரிய சாலையை மூடிவிட்டு, வேன்களையெல்லாம் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடுவார்கள்.

அப்படி நுழைந்த ஒரு வேன் பூக்காரி மணியம்மாளின் காலில் ஏறிவிட்டது. தெருக்கோடியில் கூரை வீட்டில் தனியாக இருந்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சந்திரகலா, "இனிமே நம்ம தெருவுல யாருக்கும் இப்படி ஆவாதுக்கா. நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

முதலில் நகராட்சியில் வேகத்தடை கேட்டாள். தார் போடும்போது சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார்கள். தார் எப்போது என்று கேட்டால் சிரித்தார்கள். சந்திரகலா விடுகிற ஆள் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, அவர்கள் காது புளித்துப்போகும்வரை பேசினாள். கடைசியில் தெரு வாயின் நடுவே தலை உருண்டையான ஒரு கருங்கல்லை நட்டுக் கொடுத்தார்கள். ஆட்டோ நுழையலாம், சைக்கிள் நுழையலாம். வேன் நுழைய முடியாது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. முதல் பௌர்ணமிக்கு யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, அந்தி சாயும் நேரத்தில் அவளே கல்லருகே ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்தாள். திருவண்ணாமலையில் உருண்டைக் கல்லை நட்டு, முன்னால் விளக்கும் வைத்தால் என்ன ஆகும்? கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் விபூதிப் பட்டையும் வேட்டித் துண்டும் வந்துவிட்டன.

"இது சாமி இல்லீங்க. வேன் உள்ள வராம இருக்க வெச்ச கல்லு" என்று சந்திரகலா நின்று சொல்லிப் பார்த்தாள்.

"அப்போ காவல் தெய்வம்னு சொல்லும்மா" என்றார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒருவர், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

ஆனாலும் தெருவுக்குள் வேன் வருவது நின்றது. மணியம்மாள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, கல்லுக்குப் பக்கத்திலேயே கூடை வைத்தாள். எதிர்வீட்டு ஆதிமூலம் கல்லுக்குத் தகரக் கூரை போட்டு, தர்மகர்த்தா மாதிரி நடக்க ஆரம்பித்தார்.

இரண்டாயிரமாவது வருஷம், கோடையில் ஒரு மத்தியானம், மணியம்மாளின் கூரை பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. வந்து, கல்லுக்கு முன்னால் நின்றது. கடப்பாரையோடு இறங்கியவர்களை எங்கள் தெருக்காரர்களே மறித்தார்கள்.

"சாமி மேல கை வெக்காதீங்க சார்" என்று குறுக்கே நின்றார் ஆதிமூலம்.

பேச்சு முடிவதற்குள் வீடு முடிந்துவிட்டது. மணியம்மாள் பூ விற்கப் போயிருந்ததால் பிழைத்தாள். உடுத்திய சேலையும் பூக்கூடையும்தான் மிச்சம்.

சந்திரகலா என் கடைப் பலகையில் உட்கார்ந்து, "நான் வெச்ச கல்லுண்ணா" என்று அழுதாள். எனக்கு ஆதிமூலத்தை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. அவளுக்குத் தன் மேலேயே கோபம்.

கல்லைப் பெயர்க்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் கோதண்டராமன் பதறினார். "அடுத்த வருஷம் எலக்‌ஷன். சாமிய நகத்துனவளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அதுக்குள்ள இன்னொரு வூடு எரிஞ்சா இன்னா பண்றது?" என்றாள் சந்திரகலா.

ஒரு குருக்களைக் கூட்டிவந்து பூஜை போட்டு, நகராட்சி ஆட்களை வைத்துக் கல்லைப் பெயர்த்து, ஓரமாகக் குழாயடிச் சுவரை ஒட்டி நட்டாள். ஆதிமூலம் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அவள் முந்தானையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

2001 தேர்தலில் தோற்றாள். மணியம்மாள் ஓட்டு ஒன்றுதான் விழுந்திருக்கும் என்று கேலி செய்தேன். "ரெண்டுன்னு வெச்சுக்கங்க. உங்களுது இருக்குல்ல" என்று சிரித்தாள்.

பௌர்ணமிக்கு வேன்கள் திரும்பவும் வந்தன. ஆனால் தெரு வாய்க்கு வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் ஓரத்துச் சாமியைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனான். சிலர் நிறுத்தி, மணியம்மாளிடம் முழம் பூ வாங்கி வண்டிக்குப் போட்டார்கள். கேட்ட வேகத்தடை கடைசிவரை வரவில்லை. நான் கடையை மூடும்வரை அந்தத் தெருவில் இன்னொருவருக்கு அடிபடவும் இல்லை.

மணியம்மாள் தினமும் கட்டுகிற முதல் முழத்தைக் கல்லுக்குச் சாத்த மாட்டாள். சந்திரகலா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் கல்லுக்குப் பக்கத்தில் கூடை வைக்க வருவாள்.

"சாமிக்குப் போடாம எனக்கு எதுக்குக்கா?" என்பாள் சந்திரகலா.

"அந்தச் சாமிய நட்டது நீதானே கவுன்சிலரம்மா" என்று சொல்லிவிட்டு, மணியம்மாள் காலைச் சாய்த்துச் சாய்த்து முனைக்கு நடப்பாள்.