கமாண்டன்ட்டுகள் தொங்கும் சுவர்

இது எனக்கே நடந்தது. முப்பது வருடம் பராகுவே ராணுவத்தில் இருந்தவன் நான். பொய் சொல்லும் சாமர்த்தியம் இருந்திருந்தால் ஜெனரலாகவே ஓய்வு பெற்றிருப்பேன். இப்போது பிலார் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேருந்து வரவில்லை. டிக்கெட் கொடுப்பவனைக் கேட்டால், வரும் வரும் என்கிறான்.

நாற்பது வருடத்துக்கு முன்பு நான் லெப்டினன்ட். பெயர் டெர்லிஸ். தலைநகர் அசுன்சியோனுக்கு வெளியே, அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் வேலை. மனைவி நிமியா இங்கே பிலாரில், அவள் அம்மா வீட்டில். நிறைமாதம். முதல் குழந்தை. பிரசவத்தின்போது பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கமாண்டன்ட் கர்னல் பரெய்ரோ விட்டால்தானே?

ஆண்டு விழா நெருங்கியது. பெரிய கூடத்துச் சுவரில், பள்ளியை ஆண்ட இருபத்திரண்டு கமாண்டன்ட்டுகளின் படங்கள் வரிசையாகத் தொங்கும். நாற்காலியை விட்டுப் போன பிறகுதான் ஒருவரின் படம் சுவரில் ஏறும். அது அங்கே எழுதாத சட்டம். அந்த வரிசையைச் சீராக மாட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

“எல்லாப் படத்துக்கும் ஒரே இடைவெளி இருக்கணும். அதுவரைக்கும் லீவுங்கற பேச்சே எடுக்காத” என்றார் பரெய்ரோ.

“சார், என் சம்சாரத்துக்கு...”

“பிள்ள பெறப் போறது அவளா, நீயா?”

அளந்து மாட்டினேன். கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்கும். தூக்கம் முடிந்து வந்து திறந்தால்...

ஒன்பதாவது படத்துக்கும் பத்தாவதுக்கும் நடுவில் இன்னொரு படம் மாட்டும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. பத்தாவதிலிருந்து எல்லாம் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. ஆணிகளும் இடம் மாறியிருந்தன. பழைய ஓட்டைகளைத் தேடினேன். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

பயிற்சிப் பையன்களின் குறும்பு என்று அத்தனை பேரையும் வெயிலில் ஓடவிட்டேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? மறுபடி அளந்து மாட்டினேன். மறுநாளும் அதே இடைவெளி. அதற்கடுத்த நாளும். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரெய்ரோ எட்டிப் பார்த்தார். “நாலு படத்த ஒழுங்கா மாட்டத் துப்பில்ல. நீயெல்லாம் அப்பனாகப் போற!”

அவர் போனதும், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சார்ஜென்ட் விடால் குரலைத் தாழ்த்தினார். “சார், மதியத் தூக்க நேரத்துல மட்டும் இங்க இருக்காதீங்க.”

“ஏன்யா?”

“அந்த நேரம் நம்மளுது இல்ல சார்.”

அவர் பேச்சைக் கேட்கும் நிலையிலா நான் இருந்தேன்? மறுநாள் மதியம், எல்லாவற்றையும் மறுபடி சீராக மாட்டிவிட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மடியில் சுத்தியல். கையில் ஐஸ் போட்ட தெரெரே, எங்கள் ஊர் மூலிகைத் தேநீர். அனல் காற்றுகூட நின்றுவிட்டது. நாய் குரைக்கவில்லை.

இரண்டு மணி இருக்கும்.

டொக்... டொக்...

சுவருக்குள்ளிருந்து வந்தது. சுத்தியல் என் மடியில்தான் இருந்தது.

தெரெரேயை உறிஞ்ச ஒரு நொடி குனிந்தேன். நிமிர்ந்தேன்...

இடைவெளி.

இந்த முறை அதன் நடுவில் புதிதாக ஒரு ஆணியும் இருந்தது.

பயத்தை விடக் கோபம்தான் முந்தியது. “யாருடா அது? உங்களுக்கு எவ்ளோ இடம் வேணுமோ எடுத்துக்குங்க! என்னை வீட்டுக்குப் போக விடுங்கடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“ஏன் கத்துற?”

எனக்குப் பின்னால்.

வயதான அதிகாரி. கர்னல் பட்டை. அந்தப் புழுக்கத்தில் அவர் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பூட்ஸ் முழுக்க ஈரச் செம்மண். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இது இப்படியே இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போ.”

“கமாண்டன்ட் அனுமதி தரணும் சார்.”

“நான்தான் கமாண்டன்ட்.”

எந்த கமாண்டன்ட் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போ என்கிற மனிதரிடம் யாராவது குறுக்குக் கேள்வி கேட்பார்களா? சல்யூட் அடித்தேன். தாழ்ப்பாளை நீக்கிவிட்டு ஓடினேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

தாழ்ப்பாளை நான்தான் நீக்கினேன். அப்படியென்றால் அவர் எப்படி உள்ளே வந்தார்?

விடியும்போது என் மகள் பிறந்தாள். நிமியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அனாஹி என்று பெயர் வைத்தோம்.

தண்டனைக்குத் தயாராகத்தான் திரும்பிப் போனேன். வாசலில் விடால் நின்றிருந்தார்.

“கர்னல் பரெய்ரோ போயிட்டாரு சார். நீங்க கிளம்புன அன்னைக்கே. மதியம் நாற்காலியில சாஞ்சு தூங்குனவரு, எழுந்திரிக்கவே இல்ல.”

அவர் படத்தை அந்த இடைவெளியில் மாட்டிவிட்டார்களாம். ஆணி தயாராக இருந்ததே. இடம் அளவெடுத்து விட்டதுபோல் இருந்ததாம்.

கூடத்துக்குப் போனேன். பரெய்ரோ படத்துக்கு இடப்பக்கம், ஒன்பதாவது படம். அதே முகம். வீட்டுக்குப் போ என்று சொன்னவர்.

“அவரும் அதே நாற்காலியிலதான் போனாராம் சார், மதியத் தூக்கத்துல” என்றார் விடால். “அன்னைக்கு நல்ல மழையாம்.”

யாரிடமும் சொல்லவில்லை. நிமியாவிடம்கூட.

பள்ளியில் பெண்களைச் சேர்த்தபோது முதல் அணியிலேயே அனாஹி சேர்ந்தாள். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். காரணம் கேட்டாள். என்ன சொல்வேன்? போன வாரம் அவளே அந்தப் பள்ளியின் கமாண்டன்ட் ஆகிவிட்டாள்.

இன்று மதியம் போன் செய்தாள். குரலில் என் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது.

“இங்க ஒருத்தனுக்கும் ஒரு படம் நேரா மாட்டத் தெரியலப்பா. மூணு நாளா சொல்றேன். பரெய்ரோ படத்துக்குப் பக்கத்துல மட்டும் இவ்ளோ பெரிய இடைவெளி...”

“பாப்பா, அப்படியே போட்டுட்டுக் கிளம்பு. இப்பவே வீட்டுக்கு வா.”

சிரித்தாள். “லீவு யார்கிட்டப்பா கேக்கறது? நான்தான் கமாண்டன்ட்.”

டொக்... டொக்...

“யாரும்மா அங்க ஆணி அடிக்கிறது?”

“யாரும் இல்லையேப்பா. எல்லாரும் தூங்கறாங்க. நானும் கொஞ்சம் நாற்காலியில சாயறேன்.”

வைத்துவிட்டாள்.

திரும்பத் திரும்பப் போன் அடிக்கிறேன். எடுக்கவில்லை.

பேருந்து இன்னும் வரவில்லை.