வலப்பக்கத்துக்கு மட்டும் வந்த கோடை

பேருந்து ஓட்டும் மனிதருக்கு ஒரே ஒரு முகம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் நம் ஓட்டுநருக்கு அந்தக் கோடை முடிந்தபோது இரண்டு இருந்தன. காலையில் வண்டியை வடக்கே ஓட்டுவார், மாலையில் தெற்கே திரும்புவார். இரண்டு வேளையும் சூரியன் அவருடைய வலப்பக்க ஜன்னலில்தான் தொற்றிக்கொண்டு வருவான், அதுவும் டிக்கெட் எடுக்காமல். வலக்கன்னம் அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் அடி மாதிரி கறுத்து, அதன்மேல் புள்ளி புள்ளியாகப் படை எடுத்திருந்தது. இடக்கன்னமோ பளிச். மூக்குதான் எல்லைக்கோடு.

பயணிகள் ஏறுவது இடப்பக்கம். அவர்கள் அறிந்தவர் சிரித்த முகப் பொறுமைசாலி. எதிரே வரும் லாரிக்காரர்கள் அறிந்தவர் வேறொருவர். அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர்களுடைய பரம்பரையையே விசாரிப்பார். பணிமனைக்குப் புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் இவரைக் கூப்பிட்டார்.

"உங்களப் பத்தி எல்லாரும் நல்லா சொல்றாங்க. ஆனா அந்த முகம் கறுத்தவர் இருக்காரே, உங்க அண்ணனா? நாளைக்கு அவர வந்து என்னப் பார்க்கச் சொல்லுங்க."

மேலதிகாரியை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "சொல்றேன் சார்" என்றார். மறுநாள் போய், வலக்கன்னத்தைக் காட்டிப் பக்கவாட்டில் நின்று, அண்ணனுக்குச் சேரவேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். "தம்பியப் பார்த்துக் கத்துக்குங்க" என்று மேலாளர் முடித்தபோது, தம்பி என்ற முறையில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். இப்படியும் ஒரு மனிதர்!

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். வெளிநாட்டில் இருக்கும் மகள் அடுத்த மாதம் குழந்தையோடு வருகிறாள் என்ற செய்திதான் அவரைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. பேத்திக்கு மூன்று வயது. தாத்தாவை நேரில் பார்த்ததே இல்லை. ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் மனைவி அவரைத் திருப்பி உட்காரவைத்து, இடப்பக்கத்தை மட்டுமே காட்டிவந்தாள்.

"முழு முகத்தப் பார்த்துக் குழந்த அலறிடுச்சுன்னா, அப்புறம் கிட்டயே வராது" என்றாள். ஆறுதல் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

வைத்தியம் ஆரம்பமானது. தக்காளி, தயிர், உருளைக்கிழங்கு என்று சமையலுக்கு வாங்கியதில் பாதி அவர் கன்னத்துக்குப் போனது. எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வண்டி ஓட்டிய அன்று கன்னம் கொப்பளித்தே விட்டது. அதற்குப் பிறகுதான் தோல் மருத்துவர் ஞாபகம் வந்தது.

அந்த அம்மா விளக்கைப் போட்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல, வெயில் புள்ளிதான். எலுமிச்சையத் தொடாதீங்க. ராத்திரி இந்தக் களிம்பு. காலைல சன்ஸ்கிரீன், மத்தியானம் மறுபடியும் ஒரு தடவ. முழுக்கை சட்டை போடுங்க. மூணு நாலு மாசத்துல மங்கும்."

"பேத்தி அடுத்த மாசம் வர்றா டாக்டர்."

"அப்ப பேத்திய மெதுவா வரச் சொல்லுங்க."

மறுநாள் பணிமனையில் மெக்கானிக்கிடம் சொல்லிப் புலம்பினார். மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"இதுக்கு எதுக்குண்ணே டாக்டரு? டயர் ஒரு பக்கமா தேஞ்சா என்ன பண்றோம்? பக்கத்த மாத்திப் போடுறோம்ல? அந்தப் பக்கம் வெளுக்கலன்னா இந்தப் பக்கத்தக் கறுக்க வைங்க. சமமாயிடும்."

இருபது வருடம் வண்டியோடு குடித்தனம் நடத்தியவருக்கு இது வேதவாக்காகப் பட்டது. விடுமுறை நாட்களில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, வலக்கன்னத்தைத் துண்டால் மூடி, இடக்கன்னத்தைச் சூரியனிடம் ஒப்படைத்தார். கோடை முடிந்துவிட்டதே, வெயில் போதாதே என்று பளபளக்கும் தகரம் ஒன்றைப் பக்கத்தில் வேறு சாய்த்து வைத்தார்.

"ஏங்க, காயப்போட்ட துணியக்கூட நான் திருப்பித் திருப்பிப் போடுறேன். நீங்க ஒரே பக்கமா காயுறீங்களே!" என்று துணி எடுக்க வந்த மனைவி கத்தினாள்.

"ஒரே பக்கந்தாண்டி காயணும்! உனக்கு டயரப் பத்தி என்ன தெரியும்?"

கறுத்ததா என்றால் இல்லை. இடக்கன்னம் செக்கச்செவேலென்று சிவந்து, பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடியின் காம்பு மறைத்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. ஆக, முகத்தில் இப்போது மூன்று நிறம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. களிம்போ மூடிகூடத் திறக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. மடத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும், லாரிகளுக்கு அஞ்சாத மனிதர் படுக்கையறைக்குள் ஓடினார். காட்டுவதற்கு ஒரு நல்ல பக்கம்கூட மிச்சமில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்மண்டையைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

"அப்பா எங்கம்மா?" மகளின் குரல் கேட்டது.

"உள்ள செவுத்தப் பார்த்துட்டு நிக்கிறாரு. நீயே போய்ப் பாரு, நான் என்னத்தச் சொல்ல."

மகளுக்கு முன்னால் குட்டிக் காலடிகள் அறைக்குள் வந்து நின்றன. "தாத்தாவா?"

"ஆமாடா கண்ணு. தாத்தா இப்படியே நின்னுதான் பேசுவேன். நீ அங்கயே நின்னு சொல்லு. பிளேன்ல தூங்கினியா?"

குட்டிக் காலடிகள் மறுபடி தடதடத்தன. போச்சு, ஓடிவிட்டாள் என்று நினைத்தார். ஒரு மாதமாக ராப்பகலாகப் பயந்தது இதற்குத்தானே. அப்போது முழங்காலில் ஏதோ உரசியது. பேத்தி அவருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கன்னத்தைப் பார்த்தாள், இந்தக் கன்னத்தைப் பார்த்தாள், தோல் உரிந்து தொங்கிய மூக்கு நுனியையும் பார்த்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தி, இரண்டு கையாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "இப்ப நான் ஒளியணும். தாத்தா, கண்ண மூடு."

மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து, உரிந்த கன்னத்தில் பட்டு, சுருக்கென்று எரிந்தது. துடைக்கவில்லை. அவள் ஒளிந்து முடிக்க நேரம் வேண்டுமே என்று, "ஒண்ணு... ரெண்டு..." என்று மெதுவாக, வீடு முழுக்கக் கேட்கும்படி எண்ணத் தொடங்கினார்.