வசந்தா டீச்சர் தேடிக் கொடுத்த வார்த்தை

வசந்தா டீச்சர் தவறிவிட்டார் என்று பால்காரர் வந்து சொன்னபோது நான் மதகடியில் நின்று, புதுத் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாபநாசம் பக்கத்தில் டீச்சரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடமே போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். ஆனாலும் டீச்சரைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று உண்டு.

முப்பத்திரண்டு வருஷம் வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். சேர்ந்த முதல் வாரமே ஒரு மேஸ்திரி, "லாஸ்ட்டுன்னா கடைசி. ஆபீஸ்ல கடைசி ஆளு எவனோ அவன்தான் லஸ்கர்" என்று சொல்லிச் சிரித்தார். நம்பிவிட்டேன். எந்த வயலுக்கு எந்த வருஷம் எப்போது தண்ணீர் விட்டேன் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். அந்தச் சிரிப்பும் அப்படியே தங்கிவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அப்பா வலங்கைமானில் தலைமையாசிரியர். பத்திரிகை அச்சடிக்கும் முன் பிழை பார்க்க டீச்சரிடம் தாளைக் கொண்டுபோனேன். என் பெயருக்குக் கீழே பொதுப்பணித்துறை என்று மட்டும் இருந்தது. என்ன வேலை என்று போடவில்லையே என்றார். பெண்ணைப் பெற்றவன் கடைசி ஆள் என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கவா என்று கேட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "லாஸ்ட் வேற, லஸ்கர் வேறங்க. ஆனா அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியல. பாத்துட்டுச் சொல்றேன். நாளைக்கு வரைக்கும் அச்சுக்குக் கொடுக்காதீங்க." ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர், தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை தலையணை மாதிரி ஒரு அகராதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதகுக்கே வந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பாரசீகத்தில் அது படைக்குப் பெயராம். பிறகு படையில் இருக்கிற ஆளுக்கு ஆனதாம். கப்பலில் வேலை செய்த நம் நாட்டு மாலுமிகளையும், கூடாரம் அடிக்கிறவர்களையும் வெள்ளைக்காரன் அப்படித்தான் கூப்பிட்டானாம். அப்படியே வாய்க்கால் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

"படையெல்லாம் கலைஞ்சு போயி நான் ஒருத்தன்தான் மிச்சமா டீச்சர்?" என்றேன்.

"ஒத்த ஆளா இத்தனை வயலையும் காபந்து பண்றீங்களே, போதாதா?" என்று சிரித்தவர், சைக்கிளை எடுக்கும்போது சொன்னார்: "போடுறதும் விடுறதும் உங்க இஷ்டம். தப்பா தெரிஞ்சுக்கிட்டு மட்டும் விட்டுடாதீங்க."

போட்டேன். வலங்கைமானுக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். என் பெயருக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார்.

"லஸ்கரா? முன்னாடியே சொல்லக் கூடாதா சம்பந்தி. எங்க கடைமடைக்கு ரெண்டு வருஷமாத் தண்ணி எட்டல. இங்க இருக்குற உங்க ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தண்ணீர் போனது.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். முடிவில் பெயர் மட்டும் போதுமா அப்பா என்று மகள் கேட்கிறாள். போதாது, கீழே லஸ்கர் என்று போடு என்று சொல்லியிருக்கிறேன். மற்றபடி இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்துக் கொடுக்க டீச்சர் இல்லை.