ராபின் தேர்ந்தெடுத்த பால்கனி

டீக்கடை பெஞ்சில் உட்காருமுன் ராபின் ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார். கூரைத் தகரம், அதைத் தாங்கும் குழாய், குழாயை இறுக்கிய கம்பி எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு குனிந்து பெஞ்சின் கால்களைப் பார்க்கிறார். அப்புறம், எழுந்து ஓடுவதென்றால் எந்தப் பக்கம் வழி என்று கண்ணாலேயே அளந்துகொள்கிறார். இத்தனையும் முடிவதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். "சூடுதான போச்சு? தல போவலயே" என்று சொல்லி அதை ஒரே மடக்கில் குடிப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் இருபத்தேழு வருடமாக கிரேன் ஓட்டுகிறார். சாலையில் போகும் கிரேன் அல்ல. ஆலைக் கூரைக்குக் கீழே, இரண்டு தண்டவாளங்களின் மேல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருகிற கிரேன். அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஷிஃப்டு முழுக்க அவர் உட்கார்ந்திருப்பார். கீழே கொப்பரை கொப்பரையாக உருகிய இரும்பு நகர்ந்துகொண்டிருக்கும். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர். "எங்கப்பா ஆயுசுக்கும் கீழயே பாத்துக்கினு இருந்தாரு. நானும் கீழயேதான் பாத்துக்கினு கீறேன். நாப்பது அடி மேலருந்து பாக்குறேன், அவ்ளோதான் முன்னேத்தம்" என்பார்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பகல் ஷிஃப்டில் கூண்டுக்குப் பக்கத்தில் கேபிள் பற்றிக்கொண்டது. தினமும் ஏறி இறங்கும் ஏணிப் பக்கம் முழுக்கப் புகை. மறுகோடியில், யாரும் தொடாத இன்னோர் ஏணி இருப்பது தெரிந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் முதலில் தேடுவது இரண்டாவது ஏணியைத்தான். கல்யாண மண்டபத்தில் சமையலறை வழி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மொய் எழுதுவார். சினிமாவில் ஓர இருக்கை கிடைக்கவில்லை என்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்ததுண்டு. தலையணைக்கடியில் டார்ச் இல்லாமல் தூங்கியதில்லை. மனைவி ஹெலன் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தி வெகு காலமாகிறது.

மணவாள நகரில் வீடு வாங்கியபோதும் இதே கூத்துதான். பெருவெள்ளத்தின்போது அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதா, பின்பக்கம் வெளியேற வழி உண்டா, தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று ஆறு மாதம் விசாரித்தார். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று மட்டும் விசாரிக்கவில்லை. குடிபோன அன்று ஹெலன் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். நான்குக்கும் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பக்கத்து வீட்டுச் சுவர். "காத்து வரும்ல" என்றார் ராபின். ஹெலன் நான்கையும் ஒவ்வொன்றாகச் சாத்தினார். அந்தப் பேச்சு இன்றுவரை முடியாமலேதான் கிடக்கிறது.

போன வருடம் அவர்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெனிபர், சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் இருவருக்கும் இடம் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். எந்த அறை என்பதை மட்டும் அவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். ஹெலன் ராபினிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பால்கனி வெச்ச ரூமா பாரு ஜெனிப்பா. காலைல நைட்டியோட குந்திக்கினு, காபி குடிச்சிக்கினே கடல பாக்கணும். எதுக்கால ஒண்ணுமே இருக்கக் கூடாது. ஒரு ஆள் கூட."

ஹெலனுக்கு மருந்துக் கடையில் வேலை. கடையில் எதிரே மாத்திரை அலமாரி, வீட்டில் எதிரே சுவர். அவர் இப்படி வாய் திறந்து ஒன்று கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இந்த முறை தப்பு வரக் கூடாது என்று ராபினுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

அன்றே வேலையில் இறங்கினார். திருவள்ளூரில் டிராவல்ஸ் நடத்தும் குணசுந்தரியிடம் போய், கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் உள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். பதினொரு தளம், பதினொரு பெரிய தாள். பெரியபாளையம் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவற்றை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் தூங்க நினைத்தவர் பாடு பேஜார்தான்.

கப்பல் அறையை அவர் அளந்த விதம் கிரேன்காரருடையது. ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒவ்வோர் அறைக்கும் நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பார்ப்பார். ஒன்பதாம் தளத்து பால்கனிகளுக்கு மேலே நீச்சல் குளம். "தலைக்கு மேல அவ்ளோ தண்ணி வெச்சிக்கினு எவன் தூங்குவான்? விடியறதுக்குள்ள நாற்காலிய வேற இழுப்பானுங்க" என்று பேனாவால் அடித்தார். ஆறாம் தளத்தில் பாதி அறைகளுக்குக் கீழே நாடக அரங்கு. மேளச் சத்தம் கட்டில் காலில் ஏறும். மூக்குப் பக்கத்து அறைகளை அலை தூக்கிப் போடும். வால் பக்கம் என்ஜின் அதிரும். லிஃப்டுக்குப் பக்கம் ஆள் நடமாட்டம். "நடுவுலதான் ஆட்டம் கம்மி. ஏத்தம் எறக்கம் எல்லாம் ரெண்டு முனைக்குந்தான்." கப்பலில் காலே வைக்காத மனிதர் இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அத்தனையும் சரியாகவே இருந்தன.

அடித்து அடித்துக் கடைசியில் ஐந்தாம் தளத்தில் ஓர் அறை நின்றது. கப்பலின் நட்டநடு. மேலேயும் கீழேயும் அமைதியான அறைகள். படிக்கட்டு பத்தடியில். எல்லாவற்றையும் விட, அந்த பால்கனிக்கு எதிரே வரைபடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீள வட்டம் இருந்தது. ஆபத்துக் காலத்தில் ஏறித் தப்பிக்கும் உயிர்காப்புப் படகு. ராபினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதினொரு வருடமாகப் போகிற இடமெல்லாம் தேடிய ஏணி, இங்கே படுக்கையறை வாசலிலேயே தொங்குகிறது.

"சார், அந்த ரூம்ல வியூ கொஞ்சம் மறைக்கும்னு போட்டுக்கீறாங்க. எட்டாவது மாடில ஒரு பால்கனி காலியா கீது. எதுக்கால சுத்தமா கடல்தான்" என்றார் குணசுந்தரி.

"எட்டாவதுலருந்து இந்த லைஃப் போட்டுக்கு மூணு மாடி எறங்கணுமேம்மா. புகைல எப்பிடி எறங்குவ? கொஞ்சம்னா எவ்ளோ மறைக்கும்? பழவேற்காட்டுல டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கினு சுத்துறானே, அந்த போட்டு சைசுதான இருக்கும்? அதுக்கு மேல முழுக்கக் கடல் தெரியும்."

குணசுந்தரி தாளில்தான் கப்பலைப் பார்த்தவர். "இருக்கலாம் சார்" என்று அந்த அறையையே பதிவு செய்தார்.

ஆலை கேன்டீனில் இந்தச் செய்தி நாஷ்டாவோடு பரிமாறப்பட்டது. ராபினின் கிரேனுக்குக் கீழே நின்று வேலை பார்க்கும் சரவணகுமார்தான் அதிகம் சிரித்தார். "ராபின்ணா, அண்ணி கடல கேட்டாங்க. நீ போட்டப் பாத்து ரூம் போட்டுக்கினு வந்துக்கீற."

"போட்டு பக்கத்துல இருந்தாத்தான்டா கடல நிம்மதியா பாக்க முடியும்" என்றார் ராபின். அவர் அதை முழு மனதோடு நம்பினார்.

கப்பலில் அறைக் கதவைத் திறந்ததும் ராபின் முதலில் கூரையைப் பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். அலமாரியில் உயிர்காப்பு அங்கிகள் இரண்டு இருப்பதைத் தொட்டுப் பார்த்தார். ஹெலன் நேராக பால்கனிக்குப் போய்த் திரையை விலக்கினார். எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவர் நின்றது. நூற்றைம்பது பேர் ஏறக்கூடிய, கூரை போட்ட படகு அது. வாசலில் ஒரு டவுன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திய மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு தொங்கியது. மேலே ஒரு சாண் வானம். எட்டிக் கீழே பார்த்தால் ஒரு முழம் தண்ணீர்.

"நம்ம ஊட்டு ஜன்னலத் தூக்கியாந்து இங்க மாட்டிக்கீறாங்க ஜெனிப்பா" என்றார் ஹெலன். அவ்வளவுதான் சொன்னார். திரையை இழுத்து மூடினார்.

திட்டியிருந்தால் ராபின் தாங்கியிருப்பார். வீட்டு விஷயத்தில் செய்த அதே தப்பை, அதே மனுஷிக்கு, இவ்வளவு கவனமாகத் திரும்பவும் செய்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வரவேற்பு மேசைக்கு மூன்று தடவை போய் நின்றார். கப்பலில் காலி அறை இல்லை. மேல்தளத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கடல் நாலாபக்கமும் கிடந்தது. ஆனால் பாட்டும் கூத்தும், செல்ஃபி எடுப்பவர்களும், ஈரத் துண்டோடு குறுக்கே ஓடும் பிள்ளைகளுமாக நிற்க இடமில்லை. நைட்டியோடு அங்கே எங்கே உட்காருவது? "பாத்தாச்சு, வா போலாம்" என்று ஹெலன் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டார்.

மறுநாள் முழுக்கக் கப்பல் நடுக்கடலில் போயிற்று. ஹெலன் அறைக்குள் டிவி பார்த்தார். ராபின் பால்கனியில் நின்று படகைப் பார்த்தார். கோபத்தோடுதான் பார்க்கத் தொடங்கினார். ஆனால் தொங்கும் பாரத்தைப் பார்த்தால் அவர் கண் சும்மா இராது. கம்பி வடம் எத்தனை, கொக்கி எங்கே, மேலே உருளும் சக்கரத்தில் புது கிரீஸ் பூசியிருக்கிறதே, ஏன்? இறக்காத பாரத்துக்கு யாரும் புது கிரீஸ் பூச மாட்டார்கள். விறுவிறுவென்று கீழ்த்தளத்துக்குப் போய், அங்கே கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஊழியரைப் பிடித்தார். அன்புசெல்வன் என்று சட்டையில் பெயர் இருந்தது. எண்ணூர்க்காரர்.

"இத்த எப்பண்ணா எறக்குவீங்க?"

"நாளைக்கு வைசாக்ல ட்ரில் கீது சார். பாசஞ்சருங்க ஊர் சுத்தப் போயிருவாங்க இல்ல, பத்து மணிக்கு எறக்கிப் பாத்துட்டு ஏத்திருவோம். ஏன் சார், பயமா கீதா?"

"பயம்லாம் இல்ல" என்றார் ராபின். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஹெலன் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

விசாகப்பட்டினத்தில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் தொப்பி, கூலிங்கிளாஸோடு வரிசையில் நின்றார்கள். "நாம எறங்க வேணாம்" என்றார் ராபின். ஹெலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலும் இல்ல, ஊரும் இல்லயா? அங்க இன்னா, எதுனா தலைல வுழுந்துருமா?" ராபின் காரணம் சொல்லவில்லை. பாரம் தரையைத் தொடுமுன் 'ஆயிற்று' என்று சொல்வது அவர் தொழிலில் வழக்கமில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இரண்டு கோப்பை காபி வாங்கி, தளும்பாமல் நடந்து வந்து, பால்கனியின் சின்ன மேசையில் வைத்தார். "வா, வந்து குந்து" என்றார்.

நைட்டியோடு வந்து உட்கார்ந்த ஹெலன் ஆரஞ்சுச் சுவரை முறைத்தார். "இத்தப் பாத்துக்கினே குடிக்கவா?"

அப்போது விசில் ஊதியது. எங்கோ மோட்டார் முனகத் தொடங்கியது. ராபின் எழுந்து நின்றார். ஆலையில் தரையில் நின்று கை காட்டுவது சரவணகுமார். மேலே கூண்டிலிருந்து கேட்டு நடப்பவர் ராபின். ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்துச் சுழன்றால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இடமும் வலமும் வீசினால் நிறுத்து. இருபத்தேழு வருடத்தில் ராபின் யாருக்கும் கை காட்டியதில்லை. இப்போது அவருடைய விரல் தானாகவே கீழே பார்த்துச் சுழன்றது. படகு லேசாகக் குலுங்கி இறங்க ஆரம்பித்தது. கூரை கைப்பிடி மட்டத்துக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போயிற்று.

இரண்டு கம்பி வடங்களுக்கு நடுவே வெளிச்சம் வந்து விழுந்தது. துறைமுகத்துத் தண்ணீர், அலைதடுப்புக் கற்கள், அதற்கப்பால் வானம் தொடுகிற வரைக்கும் கடல். எதிரே ஒன்றுமே இல்லை. ஹெலன் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனவர் குடிக்க மறந்துவிட்டார். "ஜெனிப்பா" என்றார். கண் நிறைந்திருந்தது. ராபின் கடலைப் பார்க்கவே இல்லை. ஹெலனின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கால் மணி நேரம் போயிருக்கும். ஹெலனின் காபி இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கீழே மறுபடி விசில் கேட்டது. மோட்டார் திரும்பியது. வடங்கள் விறைத்து, ஆரஞ்சுக் கூரை மெதுவாக மேலே வரத் தொடங்கியது. ஹெலன் கழுத்தைச் சற்று உயர்த்தி இன்னும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராபின் கைப்பிடிக்கு அருகே போய் நின்றார். கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இடமும் வலமும் வீசினார்.