மறுமணம் ஆகவில்லை என்று ஒரு கையெழுத்து

போன ஆண்டு நவம்பரில், திருவொற்றியூரில் நடந்தது இது. எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் ஓர் அம்மா இருக்கிறார். வங்கதேசப் போரில் கணவரை இழந்தவர். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்து ஒரே மகளை வளர்த்தவர். ராணுவக் குடும்ப ஓய்வூதியத்தில்தான் இப்போது அவருக்குச் சோறும் மருந்தும். ‘உயிரோடு இருக்கிறேன்’, ‘மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று ஆண்டுதோறும் இரண்டு சான்றுகள் தர வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கரான நான் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன்.

அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு ஒரு கவலை வந்தது. அவர் சந்துக்குத் தபால் ஒழுங்காக வராது. கைபேசியை எங்கே வைத்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே முகவரியாக என் வீட்டையும், தொலைபேசிக்கு என் எண்ணையும் எழுதினேன். மூன்று முறை சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.

விளைவு, நவம்பரில் ஓய்வூதியம் வரவில்லை. அவருக்கு மறுமணம் ஆகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தினம் ஏழு மாத்திரை விழுங்கும் நான்தான் மாப்பிள்ளை!

அந்த அம்மா சிரித்துக்கொண்டே என்னை ஓய்வூதிய அலுவலகத்துக்கு இழுத்துப் போனார். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“இவர் யாரும்மா?”

“பக்கத்து சந்து சாரு. இந்தாளக் கட்டிக்கினா பென்ஷனும் பூடும், தூக்கமும் பூடும். கதவு பூட்டிச்சா இல்லியான்னு நாலு தபா எய்ந்து பாக்கும்.”

ஐந்து முறை. ஆனால் திருத்துவதற்கு அது நேரமில்லை.

அதிகாரி சிரித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கோப்பை எடுத்து வந்தார். ஆரம்பத்துச் சான்றுகளில் ஊதா மையில் கைநாட்டு. பிறகு திடீரென்று, பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்து. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.

“அப்ப எனக்கு இருவது வயசு சாரு, இடுப்புல கொயந்த. கைநாட்டு வெக்கப் போனா அங்க ஒருத்தன் வெரலப் புட்சா வுட மாட்டான். ‘நெசமாவே வேற யாரும் இல்லியா’ன்னு கேப்பான். ஷெட்டுல சொன்னேன். அடுத்த தபா எறா உரிக்கிற பொம்பளைங்க அத்தினி பேரும் கூட வந்துட்டாளுங்க, அதே நாத்தத்தோட! ஆபீசே மூக்கப் பொத்திக்கினு நின்னுது. அப்பறம் அதுல ஒருத்தி குந்தவெச்சி பேரு எய்தக் கத்துக் குட்த்தா. அன்னிலேர்ந்து என் கைய எவனும் தொட்டதில்ல.”

அதிகாரி விளக்கக் கடிதம் ஒன்றைத் தானே எழுதி, “படிச்சுப் பாத்துட்டு, நிதானமா போடுங்கம்மா” என்று பேனாவை நீட்டினார். அடுத்த மாதமே ஓய்வூதியம் நிலுவையோடு வந்தது. முகவரியை உடனே மாற்றிவிட்டேன்.

வங்கதேசப் போர் எத்தனை நாள் நடந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இந்த அம்மாவின் போருக்கு அப்படிக் கணக்கு யாரிடமும் இல்லை. முன்பெல்லாம் “சீக்கிரம் போடுங்கம்மா” என்று அவசரப்படுத்துவேன். இப்போது அவர் பெயரின் கடைசி எழுத்து வரும்வரை பக்கத்தில் பேசாமல் நிற்கிறேன். அவர் ஜெயித்த போர் அது.