அச்சரக்கூட்டில் அடைத்த மஞ்சள் தாள்

சிசிலியில், வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பின்னால் உள்ள தெருவில், நாலாம் மாடி வீடொன்றில் என் மனைவி வேலை செய்கிறாள். அங்கே பல்கனிக் கண்ணாடியைத் துடைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். வெளிப்பக்கம் விழாமல் உள்ளே விழுந்ததால் மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினாள். எலும்பு பொருந்தியது, பயம் போகவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் பல்கனிக் கதவைத் திறப்பதில்லை. வீட்டுக்காரச் சின்யோரா பொறுமையானவர். ஆனாலும் வேறு ஆள் விசாரிக்கிறார் என்று எங்கள் காதுக்கு வந்துவிட்டது.

நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கடையில் பெட்டி இறக்குகிறேன். மூன்று சில்லு வண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கடைக்கார அம்மா மூன்று தரம் கேட்ட பிறகுதான் மனைவியின் கதையைச் சொன்னேன். நாங்கள் இத்தாலி மொழியில் கதைப்போம். அவருக்கும் அது அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலோ என்னவோ எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். கடை வாசலுக்கு மேலே ஒட்டியிருப்பது போன்ற தாள்; சிவப்பு மையில் கொடி ஓடிய மாதிரி எழுத்து.

"இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கும் வாசிக்கத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. எழுதின பூசாரிக்குத்தான் தெரியும்."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய ஆறுதல். அவர் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். மேலே இருப்பது கட்டளை என்பதற்கான அடையாளம். அடியில் கோயில் முத்திரை. தாவோ கோயில் பூசாரி மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் எழுதுவாராம். கதவுக்கு வேறு, கட்டிலுக்கு வேறு, உடம்புக்கு வேறு. இது மன்றாட்டு இல்லை. மேலே உள்ள தெய்வம் கீழே திரிகிற கெட்டதுகளுக்குப் போடுகிற உத்தரவு: இவளைத் தொடாதே, விலகிப் போ. விசாவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் ஒரு முத்திரைக்காக விடியமுன் வரிசையில் நின்றவனுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்னைத் தள்ளினது சிசிலிப் பேயெல்லோ? அதுக்குச் சீனம் விளங்குமோ?"

"முத்திரை விளங்கும்" என்றேன்.

அவள் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஊரில் இப்படி எழுதித் தந்தால் என்ன செய்வோம்? சுருட்டி அச்சரக்கூட்டில் வைத்து, வாயை அரக்கால் அடைத்துக் கழுத்தில் கட்டுவோம். நானும் அதையே செய்தேன். கபோ சந்தைக்குள் வெள்ளி வேலை செய்கிற ஒரு கிழவரிடம் சின்னக் குழாய் ஒன்று வாங்கித் தாளை உள்ளே தள்ளி, மூடித் தரச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். இதையெல்லாம் இத்தாலி மொழியில் எங்கே தொடங்குவது? வெட்கப்பட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு வரச் சொன்னார். போனபோது கூடு பொருத்தே தெரியாமல் மூடியிருந்தது.

அதைக் கறுப்பு நூலில் கட்டிக்கொண்டு அவள் பல்கனிக் கதவைத் திறந்தாள். முதலில் தரையைக் கழுவினாள். பிறகு கம்பி. பிறகு ஏணி. சின்யோரா வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்.

சீனப் புதுவருடம் நெருங்கியபோது கடைக்கார அம்மா சொன்னார்: "பழசைக் கொண்டு வா. நன்றி சொல்லி எரிக்கவேணும். புதுசு வந்திருக்கு."

ஒரு வருடத்துக்குத்தான் அந்த உத்தரவு செல்லும் என்பதை அவர் முன்பே சொன்னாரோ, எனக்குத்தான் விளங்கவில்லையோ தெரியாது. கூட்டுக்குள் அடைத்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்தார்.

"வருஷம் முழுக்கக் காவல் நிண்டு களைச்சதை ஆராவது பூட்டி வைப்பினமோ?"

வீட்டில் சொன்னேன். மனைவியின் கை கழுத்துக்குப் போனது.

"இதைக் கழட்டினா நான் அந்தப் பல்கனிக்குப் போகமாட்டன். சொல்லிப்போட்டன்."

"புதுசு தருவா."

"புதுசு எனக்கு என்ன செய்தது? இதுதான் செய்தது."

இரண்டு நாள் கெஞ்சிய பிறகு, கூட்டைத் தன் கண்முன்னே வெட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு கபோவுக்கு வந்தாள். கிழவர் சின்ன ரம்பவாளால் அறுத்துக் கவிழ்த்துத் தட்டினார். தாள் வரவில்லை. கரித்தூள் கொட்டியது.

"உள்ளே தாளா இருந்தது?" கிழவர் என்னைப் பார்த்தார். "ஒன்றுமில்லை என்றாயே! வெள்ளியை நெருப்பால் அல்லவா ஒட்டுகிறேன்."

மனைவி என்னைப் பார்க்காமல், அந்தக் கரியையே பார்த்தாள்.

"அப்ப இது முதல் நாளே எரிஞ்சு போச்சு."

"ஓம்."

"ஒரு வருஷமா நான் கரியைக் கட்டிக்கொண்டோ ஏணியிலை ஏறினனான்?"

கரியை ஒரு கடதாசியில் மடித்துக்கொண்டு கடைக்கு நடந்தோம். அவளுடைய வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

கடைக்கார அம்மா கடதாசியை விரித்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"எரிஞ்சா வீணெண்டு ஆர் சொன்னது? எரிச்சால்தான் உத்தரவு மேலை போய்ச் சேரும். வருத்தமாய்ப் படுத்துக் கிடக்கிறவைக்கு எரிச்சுச் சாம்பலைத் தண்ணியிலை கரைச்சுக் குடுக்கிறனாங்கள். உன்ரை மனிசியின்ரை உத்தரவு முதல் நாளே போய்ச் சேந்திட்டுது."

அதை நான் தமிழில் சொன்னேன். மனைவி கரியில் விரலைத் தொட்டு, ஓமம் முடிந்தபின் இடுவது போல நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"குடிக்கச் சொல்லாதேங்கோ. இவ்வளவுதான் என்னாலை முடியும்."

கடைக்கார அம்மா புதுத் தாளை நீட்டினார். மனைவி அதை வாங்கி, மடித்து, என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இது உங்களுக்கு. தெருவிலை வண்டி ஓடுறது நீங்கள்."

திங்கட்கிழமை அந்தத் தெருவில் ஒரு கடைக்கு வாளிகள் இறக்க வேண்டியிருந்தது. வண்டியை மெதுவாக்கி மேலே பார்த்தேன். நாலாம் மாடிப் பல்கனியில் ஏணியின் மேல்படியில் நின்று மேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பின்னால் கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

"என்னத்தை வாய் பாக்கிறியள்? ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.