பவுல்ராஜ் அண்ணனும் நான் சொன்ன அம்மையும்

போன வியாழக்கிழமை காலை ஷிப்ட் பஸ்கள் வந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பவுல்ராஜ் போய்விட்டார் என்றார்கள். எந்த பவுல்ராஜ் என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி. எனக்குத் தெரிந்து ஒரே பவுல்ராஜ்தான். சுங்குவார்சத்திரம் ரூட் பஸ்ஸை ஒன்பது வருடம் ஓட்டியவர். அதில் வேலைக்கு வந்துபோன நீங்கள் நம் கம்பெனியின் இந்த அஞ்சலிப் பக்கத்தில் அவரைப் பற்றி நல்லவிதமாக நிறைய எழுதுவீர்கள். எனக்குத்தான் எதை எழுதுவதென்றே புரியவில்லை.

ஹாஸ்டல் பெண் யாராவது பின்னால் ஓடிவந்தால் அவர் பஸ்ஸை நிறுத்திவிடுவார். டிரான்ஸ்போர்ட் பிரிவில் உட்கார்ந்துகொண்டு ஏன் லேட் என்று நான் கத்துவேன். "அந்தப் புள்ள சாப்டாம ஓடியாருது. நீ இன்னாத்துக்கும்மா கடியாரத்தையே பாத்துகினு கீற?" என்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

போன வருடம் மழைக்கு முன்னால் கம்பெனியில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் போட்டார்கள். டிரைவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அறுபது தாண்டிய அவரே போட்டுக்கொண்டால் மற்றவர்களும் வருவார்கள் என்று நான்தான் நச்சரித்து அழைத்துப்போனேன். வந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். எனக்குக் கை வலித்ததோடு சரி.

இரண்டு வாரம் கழித்துச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். ஒரே அரிப்பு, முழங்கையெல்லாம் கொப்புளம். நான் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் போய்விட்டேன். எங்கள் தென்காசிப் பக்கம் கொப்புளம் என்றால் அம்மைதான், வேறு பேச்சே கிடையாது. மாத்திரை கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தொற்றும் என்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லி, காம்பவுண்டு வேப்பமரத்தில் கொத்து ஒடித்தும் கொடுத்தேன். "ஞாயித்துக்கெழம ஜெபத்துக்குப் போறவன் வூட்டுக்கு உங்க ஆத்தா வந்துகிறாளா? வரட்டும், உக்கார சொல்றேன்" என்று சிரித்தார். மூன்று வாரம் வேப்பிலையில் படுத்திருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று நான் தினமும் போன் போட்டுக் கேட்டேன். மூன்று வாரமாக இறங்காமல், நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்துக்கொண்டே போவது என்ன அம்மை? அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கடைசியில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காதான் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனார். அம்மையே இல்லையாம். உடம்பே தன் தோலைப் பகையாக நினைத்துக் கொப்புளமாக்கும் நோயாம். பிறகு ஒருநாள் கூடப்போன நான், ஊசியாலா என்று மூன்று தடவை கேட்டேன். தடுப்பூசிக்குப் பின் அபூர்வமாகச் சிலருக்கு வந்ததுண்டு, இந்த வயதில் தானாகவும் வரும், இவருக்கு எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரையில் கொப்புளங்கள் காய்ந்தன. ஆனால் அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். சில மாதத்தில் நெஞ்சுச் சளி பிடித்தது, ஆளைக் கொண்டுபோய்விட்டது. முகாம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் போட்டுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறோம். தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் அடக்கம் முடிந்ததும் ஸ்டெல்லா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசிக்கு இழுத்துப்போனவள் நான், அம்மை என்று சொல்லி மூன்று வாரத்தை வீணாக்கியவளும் நான் என்று அழுதேன். அக்கா என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அம்மைன்னு எவன் சொன்னான்னு டாக்டரு திட்டுனாரும்மா. இவரு, நானாத்தான் நெனச்சிகினேன் சார்னுட்டாரு. வெளிய வந்து, இத்த அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத, தாங்காதுன்னாரு."

ஊசியா, வயதா, நானா? எனக்கு இனியும் தெரியப்போவதில்லை. உடம்பெல்லாம் ரணமாக நின்றுகொண்டு, என் தப்பைத் தன் தப்பு என்று சொல்லித் திட்டு வாங்கினாரே, அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.